கிராணியிடம் கொடுத்த சீட்டு

அஞ்சலையைக் காட்டிக்கொடுத்தவள் நான்தான்.

வேறு யாரும் இல்லை. தோட்டத்தில் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். மூன்றாம் லயத்து முனியம்மாள் என்றார்கள், பால் ஸ்டோர்க்காரன் என்றார்கள். இல்லை! ஒரு துண்டுக் காகிதத்தில், என் கையால், இரண்டு வரி எழுதி நான்தான் கொடுத்தேன்.

இதைப் படிக்கிற நீங்கள் யாரோ, எவரோ. என் முகம் உங்களுக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். நேரில் கேட்டால் என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நாலாம் வகுப்புவரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். எழுதச் சொன்னால் மட்டும் எழுதிவிடுவேன்.

அதுதான் இத்தனைக்கும் காரணமோ?

பாருங்கள், ஆரம்பத்திலேயே காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறேன்! வேண்டாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவில் அவசரகாலம். அலோர் காஜாவிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் எங்கள் ரப்பர் தோட்டம். அங்கங்கே சிதறிக் கிடந்த லயங்களை, எங்கள் வரிசை வீடுகளை, ஒன்றாகச் சேர்த்து, சுற்றி முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாசல் வைத்துவிட்டார்கள். காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி போகக் கூடாது, ஒரு துண்டுக் கருவாடு போகக் கூடாது. அதுதான் சட்டம். பால் மரம் வெட்டப் போகிறவர்கள் விடியற்காலையில் அந்த வாசலில் வரிசையாக நின்று, உடம்பைத் தடவிப் பார்க்கக் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆண்கள் வலப்பக்கம். அங்கே மாத்தா தடவுவான். போலீஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெண்கள் இடப்பக்கம்.

இடப்பக்கம் தடவியவள் நான்.

முதலில் டவுனிலிருந்து ஒருத்தி வந்தாள். முரட்டுக் கை. பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போகமாட்டோம் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். தோட்டத்து ஆபீஸ் கணக்கரை, கிராணியை, துரை கூப்பிட்டு விசாரித்தார். லயத்துப் பெண்ணாகவே ஒருத்தியைப் போடலாம், அதிகம் பேசாத பெண்ணாக, கொஞ்சம் எழுதப் படிக்கத் தெரிந்தவளாக என்றார் கிராணி. அப்போது என் பெயரைச் சொன்னது யார் தெரியுமா?

அஞ்சலை!

"நம்ம தனத்தைப் போடுங்கய்யா. ஆம்பள நெழல் பட்டாலே அதுக்கு வேர்த்துக் கொட்டும். அது கைய வச்சா நமக்குக் கூச்சமா இருக்காது, அதுக்குத்தான் கூச்சமா இருக்கும்லா!"

பெண்கள் சிரித்தார்கள். எனக்கு வேலை கிடைத்தது.

அஞ்சலை எனக்கு உறவில்லை. பக்கத்து வீடு. லயத்தில் பக்கத்து வீடு என்றால் நடுவில் ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். அவள் புருஷனை ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குக் கொண்டுபோனான், திரும்பவில்லை. பெற்ற பிள்ளைகளும் தங்கவில்லை. எனக்கோ தாய் இல்லை. நான் வயதுக்கு வந்தபோது துணியை எப்படி மடிப்பது, எங்கே உலர்த்துவது என்று சொன்னவள் அவள்தான். அஞ்சலக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

வாசலில் நின்ற ஒரே மாதத்தில் என் கைக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எவள் முழுகாமல் இருக்கிறாள் என்பது அவள் மாமியாருக்கு முன்னால் எனக்குத் தெரியும். எவளுக்குப் பால் கட்டி மார் கல்லாகியிருக்கிறது, தெரியும். பிள்ளை பெற்று இருபது நாளில் பால்வாளி தூக்கிய ராக்கம்மாளுக்கு அடி இறங்கிவிட்டது. கீழே சரிந்த கர்ப்பப்பையை உள்ளே தள்ளி, கோவணம் போலத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் மரம் வெட்டப் போகிறாள். அந்த முடிச்சு தினமும் என் விரலில் தட்டும். எவளுக்கு வெள்ளைப்படுகிறது, எவளுக்குப் பெரும்பாடு... கிட்டே வந்து நிற்கும்போதே மூக்குக்குத் தெரியும்.

தெரிந்து என்ன செய்தேன்? ஒன்றுமில்லை!

வாசலிலிருந்து ஐம்பது அடி நடந்தால் தோட்டத்து ஆஸ்பத்திரி. அங்கே மருந்து கொடுக்க ஒரு டிரசர் இருந்தார். மலையாளத்து மனிதர், நல்லவர். ஆனால் ஆம்பளை. பெண்கள் அவரிடம் போனால் எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: வயிற்றுவலி. அவரும் எல்லா வயிற்றுவலிக்கும் ஒரே மருந்துத் தண்ணீரைப் புட்டியில் ஊற்றிக் கொடுப்பார். குடித்துவிட்டுத் திரும்பி வருவார்கள். இடையில் நின்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இந்தச் சமாசாரத்தையெல்லாம் ஓர் ஆம்பளையிடம் எப்படிச் சொல்வது?

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. "தூரம்" என்று, அதாவது மாதவிலக்கு என்று, ஒருத்தி என் காதோடு சொன்னால், என் கை அவள் இடுப்போடு நின்றுவிடும். கீழே போகாது. துரைக்கோ கிராணிக்கோ மாத்தாவுக்கோ இது தெரியாது. அந்தப் பெண்கள் என்மேல் வைத்த நம்பிக்கை அது. நானும் யாரிடமும் சொன்னதில்லை... அந்த ஒரு நாள்வரை.

நடுவில் ஆண்கள் பக்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும். சிரித்துவிட்டுப் பிறகு யோசியுங்கள்.

புல் வெட்டுகிற சடையன் மாமாவுக்கு ரொம்ப காலமாக ஓதம். விரை வீங்கித் தேங்காய் அளவு ஆகிவிட்டது. கைலியை முன்பக்கம் கொசுவிக் கட்டி மறைத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடப்பார். ஒரு நாள் புதிதாக வந்த மலாய்க்கார மாத்தா, சின்னப் பையன், அங்கே கையை வைத்துவிட்டுத் துள்ளிக் குதித்தான்.

"அப்பா இனி? பெராஸ்கா?"

இது என்ன, அரிசியா என்று கேட்கிறான்! துப்பாக்கியை வேறு தூக்கிவிட்டான். சடையன் மாமா அசையவில்லை.

"அரிசி இல்லடா ராசா! நான் நம்ம சீமையிலேருந்து கப்பல்ல வரும்போதே கொண்டாந்தது. சுங்கத்துல வெள்ளைக்காரனே விட்டுட்டான், நீ புடிக்கிறியா?"

வாசலே சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டு டிரசர் வந்தார். அன்றைக்கே மாமாவை ஆஸ்பத்திரிக்குள் கூட்டிக்கொண்டு போனார். இரண்டு நாளில் லாரியில் மலாக்காப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். மூன்று வாரம் கழித்து மாமா நேராக நடந்து வந்து அதே வாசலில் நின்றார்.

"டிரசரு என்னைய இருட்டு ரூம்ல நிக்க வச்சு, அதுல டார்ச்சு அடிச்சாருய்யா! செவசெவன்னு, கார்த்திகை வெளக்குக் கணக்கா எரிஞ்சிச்சு! வெளிச்சம் ஊடால போனா உள்ள இருக்கறது தண்ணியாம், போகலன்னா கொடலு எறங்கியிருக்காம். எனக்குத் தண்ணிதான். கிழிச்சு எடுத்துட்டாங்க!"

"முன்னாடியே சொல்லியிருந்தா தீபாவளிக்கு லயத்துல வெளக்கு வாங்கியிருக்க வேணாமே மாமா!" என்றாள் ராக்கம்மாள். அடி இறங்கிய வலியோடு நின்றுகொண்டுதான் அவள் அதைச் சொன்னாள்!

இப்போது யோசியுங்கள். ஊரே சிரித்தது, அதனால் அவர் நோய் வெளியே வந்தது. டிரசர் விளக்கடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். குணமாயிற்று. எங்கள் பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. எல்லாம் காதோடு காதாக... என் கையோடு போயிற்று.

அஞ்சலைக்கு வருகிறேன். தள்ளித் தள்ளிப் போடுகிறேன், தெரிகிறது.

ஓர் ஆடி மாதத்தில் அவளுக்குத் தூரம் நின்றுபோயிற்று. குழாயடியில் என் தோளில் தட்டிச் சொன்னாள்: "தனம், இனிமே நானும் ஆம்பளைதாண்டி. துணி அலசற வேலை முடிஞ்சிச்சு. விடுதல!" அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

ஒரு வருஷம் கழித்து, ஒரு நாள் விடியற்காலை என் முன்னால் வந்து நின்று, குனிந்து, "தூரம், தனம்" என்றாள்.

என் கை நின்றது. அவள் போய்விட்டாள்.

மறுநாளும் "தூரம்." அதற்கு மறுநாளும். ஒரு வாரம். பத்து நாள். இருபது நாள்!

எனக்கு எண்ணுகிற பழக்கம் உண்டு. வரிசையில் நிற்கும் நாற்பது பெண்களுக்கும் எப்போது வரும், எப்போது போகும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கணக்கில் அஞ்சலை ஒட்டவில்லை. நின்று ஒரு வருஷம் ஆனவளுக்கு எப்படி வரும்? வராது. வந்தாலும் இருபது நாளா? ஆகவே பொய். பொய் சொல்லி என் கையை நிறுத்துகிறாள். எதற்கு?

பிறகு ஒவ்வொன்றாக என் கண்ணில் பட்டது. அவள் மெலிந்துகொண்டே வந்தாள். தன் பங்குச் சோற்றை யாருக்கோ கொடுக்கிறாள், அதனால்தான் மெலிகிறாள் என்று நினைத்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். எதையோ கட்டிச் சுமக்கிறாள் என்று நினைத்தேன். கிட்டே வந்தால் கோடாலித் தைல வாசனை தூக்கியடித்தது. அதற்கும் அடியில் ஒரு வீச்சம்... அழுகிய மீன் மாதிரி. அவளுடைய அண்ணன் கோலா சுங்கை பாருவில் மீன் காயப்போட்டு விற்கிறவன். கருவாடு! கருவாட்டு நாற்றத்தை மறைக்கத்தான் தைலம் பூசுகிறாள்!

எவ்வளவு கெட்டிக்காரி நான், பார்த்தீர்களா?

அப்போது என் நெஞ்சில் எழுந்தது சந்தேகம்கூட இல்லை. என்னை ஏமாற்றிவிட்டாளே என்கிற எரிச்சல். ஊருக்கே தெரியாமல் எங்களுக்குள் வைத்திருந்த அந்த ஒரு சொல்லை, என் கூச்சத்தை, எனக்கு எதிராகவே திருப்பிவிட்டாளே! இதற்காகத்தான் அன்றைக்கு என் பெயரைச் சொன்னாளா? பேசத் தெரியாதவள், கேள்வி கேட்கமாட்டாள், கீழே கை வைக்கமாட்டாள் என்றுதான் என்னை இந்த வாசலில் நிறுத்தினாளா? பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அதையே அரைத்துக்கொண்டிருந்தேன். தாயாக நினைத்தவள் இப்படிச் செய்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

முப்பதாம் நாளோ என்னவோ, வரிசையில் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"தனம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி. யாருக்கும் தெரியக் கூடாது."

என்னையும் கூட்டுச் சேர்க்கப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பின்னாலிருந்து முனியம்மாள், கங்காணியைக் காட்டிக் கத்தினாள்: "ஏ அஞ்சல, என்ன ரெண்டு பேரும் கொஞ்சிக்கிட்டு? மண்டோரு ஆள் எண்ணிக்கிட்டு இருக்கான்லா!" நான் கையை உதறினேன். "போக்கா, நேரமாச்சு" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். போய்விட்டாள்.

மறுபடி அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்! "என்னக்கா, நின்னுபோச்சுன்னு சொன்னியே?" என்று ஒரே ஒரு கேள்வி... நாக்கு எழவில்லையே!

அந்த வாரம் வேலிக்கு வெளியே ஒரு மரத்தடியில் அரிசி மூட்டை அகப்பட்டது. சின்ன மூட்டைதான். பழைய சேலைத் துணியில் கட்டியிருந்தது. சேலைத் துணி என்றதும் எல்லாருடைய கண்ணும் பெண்கள் பக்கம் திரும்பிற்று. கிராணி என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"பொம்பளைங்க பக்கம்தான் ஓட்டை, தனம். ஒண்ணு உன் கைக்குத் தெரியல, இல்லன்னா தெரிஞ்சே விடுற. போலீஸ் ஆபீசர் நாளைக்கு வர்றாரு. அவருகிட்ட நான் என்ன சொல்ல? மொத ஆளா உன்னைத்தான் லாரியில ஏத்துவாங்க. அப்பறம் கப்பல்தான், ஊருக்கு!"

ஊர்! இந்தியாவில், நான் பார்த்தேயிராத ஊர்.

"யாரு மேலயாச்சும் சந்தேகம் இருந்தா சொல்லு. உன் பேரு வெளிய வராது. அந்தப் பொம்பளைய மரியாதையா, தனியா கூப்பிட்டு விசாரிப்போம். நான் பொறுப்பு."

வாய் திறந்தேன். வரவில்லை. ஒரு ஆம்பளையின் முன்னால் தூரம், துணி என்கிற சொற்கள் வரவே இல்லை. கிராணி ஒரு காகிதத்தையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன்.

"அஞ்சலைக்கு நின்று ஒரு வருஷம் ஆகிறது. இப்போது முப்பத்தெட்டு நாளாகத் தினமும் துணி வைத்திருக்கிறாள்."

எழுத்துப் பிழை இல்லாமல் எழுதினேன். கிராணி படித்துவிட்டு, "புத்திசாலிப் புள்ள" என்றார்.

இன்றைக்கு உங்களிடம் சொல்கிறேன், இந்த இரண்டு வரிக்கு மேல் ஒரு டாக்டருக்கு ஒன்றும் தேவையில்லை! அத்தனையும் அதில் இருந்தது. ஆபீஸ் படியிறங்கி, இடதுபக்கம் திரும்பி, டிரசரின் மேசைமேல் அந்தக் காகிதத்தை வைத்திருந்தால் அது ஒரு நோயாளியின் விவரம். கிராணியின் மேசையில் வைத்தேன். அது குற்றச்சாட்டு ஆகிவிட்டது.

மறுநாள் காலை. ஆபீசர் வந்தார். கூடவே மலாக்காவிலிருந்து சோதனை போட ஒரு மலாய்க்காரப் பெண்மணி, வயதானவள். வாசலுக்குப் பக்கத்தில் காவல் கொட்டகை. அஞ்சலையை வரிசையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மரியாதையாகவா? தனியாகவா? நாற்பது பெண்கள், அறுபது ஆண்கள் பார்க்க, இரண்டு மாத்தா நடுவில் நடத்திக்கொண்டு போனார்கள்.

கொட்டகைக்குத் தட்டிச் சுவர். நான் வெளியே அதை ஒட்டி நின்றேன். உள்ளே கிராணி என் சீட்டை உரக்கப் படித்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பது மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. பிறகு ஆபீசருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். யாரோ சிரித்தார்கள்.

"யாருய்யா இதை எழுதினது?" அஞ்சலையின் குரல்.

"யாரு எழுதினா உனக்கென்ன? உண்மையா, பொய்யா?"

"உண்மைதான்யா. ஆனா..."

"அப்ப அவுத்துக் காட்டு."

நடுவில் ஒரு பாய்த் தடுப்பு இருந்ததாம். அவ்வளவுதான் மரியாதை. பிறகு அந்த மலாய்க்காரப் பெண்மணி போட்ட கூச்சல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"இனி சாக்கிட்! சாக்கிட் பெரம்புவான்! ஹாஸ்பிட்டல் ஹந்தார்!"

இது நோய், பெண்களின் நோய், ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள் என்று கத்துகிறாள். அஞ்சலையின் பெயர்கூடத் தெரியாதவள். ஒரே பார்வையில் கண்டுகொண்டாள்! அரிசி இல்லை. கருவாடு இல்லை. இரத்தம், கட்டி கட்டியாக... அந்த வீச்சம்.

அஞ்சலை வெளியே வந்தாள். துணியை உள்ளே மேசைமேல் வைத்துக்கொண்டுவிட்டார்கள், சாட்சிப் பொருளாம். கணுக்கால்வரை வழிந்துகொண்டிருந்தது. எல்லாரும் பார்த்தார்கள். அவள் கண் ஒவ்வொரு முகமாகத் தேடி வந்து என்மேல் நின்றது.

"தனம்... ஒரு துணி குடுடி."

என்னிடம் கேட்டாள்! என்னிடம்!

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கொடுத்தேன்.

மலாக்காப் பெரிய ஆஸ்பத்திரிக்கு லாரியில் அவளோடு நான்தான் போனேன். போகும் வழியெல்லாம் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, சீட்டு எழுதியது முனியம்மாளாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். "அவளுக்கு எம் மேல என்ன கோவம், தனம்? நான் என்னடி செஞ்சேன் அவளுக்கு?" முனியம்மாள் இல்லை என்றுகூட நான் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் யார் என்று கேட்பாளே!

அங்கே ஒரு பெண் டாக்டர் இருந்தார். திரைக்குப் பின்னால் அஞ்சலையைப் படுக்கவைத்துப் பார்த்தார். யாழ்ப்பாணத்து நர்ஸ் ஒருவர் எழுதிக்கொண்டார்.

"எப்ப தொடக்கம் அம்மா இரத்தம் போகுது?"

"எனக்கு நாள் கணக்கெல்லாம் ஏதுங்க? தனத்தைக் கேளுங்க. அவளுக்குத்தான் என் ஒடம்பு முழுக்கத் தெரியும்" என்றாள் அஞ்சலை.

நர்ஸ் என் பக்கம் திரும்பினார். பெண்ணாயிற்றே. முதல் தடவையாக எனக்கு நாக்கு எழுந்தது. எழுந்ததே!

"இவங்களுக்கு நின்னு ஒரு வருஷம் ஆகுதுங்க. இப்ப முப்பத்தொம்பது நாளா தினமும் துணி வச்சிருக்காங்க. மெலிஞ்சுட்டாங்க. இடுப்பு வலி. வாடை இருக்கு, ஒரு மாசமா..."

நர்ஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீர் இவ்வளவும் அறிஞ்சிருந்தனீரோ? பிறகேன் கூட்டிக்கொண்டு வரேல்லை? நிண்டதுக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் வந்தாலும் அது தூரமில்லை, நோய். இது கர்ப்பப்பை வாயில புற்று. நல்லா முத்தீட்டுது."

புற்று என்பதைக் கேட்டுத்தான் அஞ்சலை அப்படிப் பார்க்கிறாள் என்று முதலில் நினைத்தேன். இல்லை. அவள் நர்ஸையே பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நின்று ஒரு வருஷம் ஆகிறது... தினமும் துணி வைத்திருக்கிறாள்... கொட்டகையில் கிராணி படித்த அதே சொற்கள், அதே வரிசையில், என் வாயிலிருந்து!

அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகை வரவில்லை. கால்மாட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"கூட வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. நீங்க கெளம்புங்க, லாரி போயிடும்."

நீங்க!

அவள் நாய்க்குட்டியைக்கூட வாடி, போடி என்பவள். என்னை ஒரு நாளும் 'நீங்க' என்று சொன்னதில்லை. கிராணியிடம் பேசுகிற குரலில் என்னிடம் பேசினாள்.

எழுந்து வந்துவிட்டேன். மன்னித்துவிடு அக்கா என்று காலைப் பிடித்திருக்க வேண்டாமா? நர்ஸ் பார்க்கிறாரே, பக்கத்துக் கட்டில்காரிகள் பார்க்கிறார்களே என்று கூச்சம்! அங்கேயும் அதே கூச்சம்!

தோட்டத்தில் முனியம்மாளோடு யாரும் சரியாகப் பேசவில்லை. அவள் அழுது, சத்தியம் செய்து, கோயிலில் சூடம் அடித்து அணைத்தாள். யாரும் நம்பவில்லை. நான் அதையும் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். அரிசி யார் கொண்டுபோனார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது புக்கிட் ரம்பாயில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாத்திரை வாங்கக் கிளினிக் போனால் சுவரில் பெரிய தாள் ஒட்டியிருக்கிறார்கள், தமிழிலும் இருக்கிறது. மாதவிலக்கு நின்றபின் இரத்தப்போக்கு. துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல். காரணமில்லாத மெலிவு. இடுப்பு வலி. இருந்தால் உடனே வாருங்கள். எனக்குத் தெரிந்த பெண்கள் யாராவது ஏதாவது முணுமுணுத்தால் நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவேன். இரண்டு பேருக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தார்கள். "பாட்டி இல்லன்னா நான் இல்ல" என்று ஒருத்தி பழம் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பழத்தை என்னால் தின்ன முடியவில்லை. அவளுக்கு ஏன் என்று தெரியாது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றதும் அஞ்சலையின் அண்ணன் அவளைக் கோலா சுங்கை பாருவுக்குத் தன் வீட்டுக்கே கொண்டுபோனார். மூன்று மாதம் கிடந்தாள். நான் போகவில்லை. தோட்டத்தை விட்டு வெளியே போகப் பாஸ் கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். கேட்கவே இல்லை என்பதை உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

செத்துப்போன செய்தி வந்தபோது துரை லாரி கொடுத்தார். தோட்டத்துப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் போனோம். குளிப்பாட்டுவதற்குப் பெண்கள் உள்ளே போனார்கள். நான் கிணற்றிலிருந்து தண்ணீர் சேந்தி வாளியோடு அறை வாசலுக்குப் போனேன். என்னைத் தவிர அவளுக்கு யார் செய்வது? மகள் மாதிரி இருந்தவள் நான்தானே என்று எல்லாரும் வழி விட்டார்கள். அண்ணன் மனைவி மட்டும் வாசலில் கையைக் குறுக்கே வைத்தார்.

"நீதான் தனமா? நீ வேணாம்மா. நீ இங்கயே நில்லு."

"ஏன்க்கா?"

"அவளே சொல்லிட்டுப் போனா. 'தனம் வரும். அது ரொம்பக் கூச்சப்படுற புள்ள. என் ஒடம்பத் தொட அதைக் கூப்பிடாதீங்க'ன்னு ரெண்டு தடவ சொன்னா. உன் மேல எவ்வளவு பாசம் பாரு அவளுக்கு!"

சுற்றி நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முனியம்மாளும் அங்கேதான் இருந்தாள். வாளியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

அஞ்சலை யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் என் கை தன்மேல் படக் கூடாது என்று மட்டும் ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள்... இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? சொல்லுங்கள், உங்களுக்காவது தெரிகிறதா?

கதவைச் சாத்தினார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன்.